எந்த மூன்று பேர்

சேசு மரி சூசை துணை

குருநகர்,
3-5-1970.

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணை அடைக்கலமும் மச்சாள் மக்டலீனும் சுகம். வழக்கமாகக் கை தன்பாட்டில் எழுதிவிடும் சொல் இது, இந்த முறை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறேன். அடைக்கலம் முற்றத்தில் பலாப்பழம் வெட்டிக்கொண்டு நிற்கிறான், என் கண்ணுக்கு நேரே நிற்கிறான், ஆகவே சுகம் என்று எழுதலாம். நீயும் ஆஸ்பத்திரி வேலையிலும் குளிரிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

எங்களிடமிருந்து உனக்கு அடுத்தடுத்து மூன்று தந்திகள் வந்திருக்கும். முதலாவதில் மூவரும் கடலில் மீட்பு, சுகம், கடவுளுக்கு நன்றி என்று இருந்திருக்கும். இரண்டாவதில் முதல் தந்தி பிழை, நம் மூவர் இல்லை, செபி என்று. மூன்றாவதில் மூவரும் இந்தியாவில் சுகம் என்று. அதற்கு நீ எந்த மூவர், யாருக்கு என்ன என்று கேட்டுத் தந்தி அடித்தாய். அதைத் தபால்காரன் கொண்டுவந்து தந்தபோதுதான் நாங்கள் ஒரு தந்தியிலும் அண்ணையின் பெயரைப் போடவில்லை என்பதே எனக்கு உறைத்தது. உடனே அடைக்கலம் சுகம், கடிதம் வருகிறது என்று மட்டும் அடித்தேன். கடிதம் பிந்தியதற்குக் காரணம், அவனை வீட்டு வாசலில் கண்டபிறகுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். பிள்ளை, எனக்கு இன்னும் தலை குழம்பித்தான் கிடக்கிறது. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கிப் பௌத்தரின் போயா நாளை விடுமுறையாக்கினதிலிருந்து எனக்குக் கிழமைக் கணக்கும் சரியில்லை, அதனால் திகதியும் போட்டு எழுதுகிறேன்.

சித்திரை வருசத்தை ஒட்டிச் சந்தையில் மீனுக்கு அடிபடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்காக 13ஆம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் அடைக்கலமும் செல்வரட்ணமும் சந்தியோகுவும் எங்கள் இஞ்சின் வள்ளத்தில் போனார்கள். செல்வரட்ணத்தை உனக்குத் தெரியும், சந்தியோகு அவனுடைய சகலன், நல்ல உழைப்பாளி. செவ்வாய் காலை வரவேண்டியவர்கள் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு மக்டலீன் கரைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள், அப்போதுதான் நான் மற்ற வள்ளக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கினேன். காற்று முந்தின இரவே தெற்கிலிருந்து பிடித்திருந்தது, சோளகம் இந்த வருஷம் நேரத்தோடு வந்துவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம்தான் யாகப்பு மாமா ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சந்திரனுக்குப் போன கப்பலில் ஏதோ வெடித்துவிட்டதாம், அதிலும் மூன்று பேர், இறங்காமலே திரும்புகிறார்களாம் என்று சொன்னான். உன் மாமாவுக்குச் சந்திரப் பைத்தியம் என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 59இல் ரஷ்யாக்காரன் ஒரு உருண்டையைக் கொண்டுபோய்ச் சந்திரனில் மோதவிட்ட நாள் தொடங்கிய பைத்தியம். அடுத்த மாதமே அதன் பின்பக்கத்தைப் படம் பிடித்தான் என்று பேப்பரில் வந்த கறுப்புப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினான், எனக்கு அது தோசைக் கல்லின் அடிப்பக்கம் மாதிரித்தான் தெரிந்தது. பிறகு ஆளில்லாத யந்திரம் ஒன்று உடையாமல் இறங்கிப் படம் அனுப்பியது, அது ரஷ்யாவுடையதா அமெரிக்காவுடையதா என்று நான் ஒவ்வொரு முறையும் மாறிச் சொல்ல, முந்தியது ரஷ்யா அத்தான், நாலு மாதம் பிந்தித்தான் அமெரிக்கா என்று அவன் ஒவ்வொரு முறையும் திருத்துவான். நீ இங்கிருந்து போவதற்கு முந்திய நத்தாருக்கு, பாலன் பிறப்புத் திருநாளில், மூன்று பேர் சந்திரனைச் சுற்றிக்கொண்டு வேதாகமத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார்களே, அன்றைக்கு அம்மாவும் அவனுடைய கட்சியில் சேர்ந்துவிட்டாள். போன ஆடியில் மனிசர் இறங்கி நடந்த நேரம் ரஷ்யாவின் ஆளில்லாத கப்பல் ஒன்றும் அங்கேயே போய் விழுந்து நொறுங்கியதாம். பிறகு கார்த்திகையில் போன இரண்டு பேர் முன்னொரு காலத்தில் இறக்கிவிட்ட யந்திரத்துக்குக் கிட்ட நடந்துபோய் அதன் கமராவைக் கழற்றிக்கொண்டு வந்தார்களாம். எத்தனை ஆளோடு போனது, எத்தனை ஆளில்லாமல் போனது என்று எனக்கு ஒரு நாளும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கமராக் கதை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, இரண்டரை வருஷம் தன்னந்தனியே நின்ற ஒன்றைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தார்களே என்று.

இப்படித்தான் அந்தக் கிழமை கடலில் மூன்று பேரும் வானத்தில் மூன்று பேரும் எங்கள் பேச்சில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். புதன்கிழமை எட்டு வள்ளங்களில் தேடப் போனோம். நெடுந்தீவுக்கு அங்காலும் போய்ப் பார்த்தோம், டீசல் தீருமட்டும் ஓடினோம், ஒரு மிதவைக் கட்டைகூடக் கிடைக்கவில்லை. கோவிலில் பங்குச் சுவாமி அந்த மூன்று பேருக்காகவும் எங்கள் மூன்று பேருக்காகவும் செபமாலை சொல்லுவித்தார். சொல்லிக்கொண்டு போகப்போக யாருக்காகச் சொல்லுகிறோம் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா இரண்டு நாளாக அடைக்கலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் வெறுங்கையோடு வந்து கரையேற, என் முகத்தைப் பாராமல் யாகப்புவைப் பார்த்து, சந்திரனுக்குப் பின்னாலை போனவை இஞ்சாலை வந்திட்டினமோ எண்டு கேட்டாள். ஓம் அக்கா, பின்பக்கத்தாலை வந்திட்டினம், இனித் திரும்புற வழி எண்டு அவன் சொன்னான். வியாழனும் அதையே கேட்டாள். அப்போது அவன், எனக்கு இப்ப உந்த மூண்டு பேரையும் பற்றித் தெரியாது அக்கா, நான் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டன், எனக்கு எங்கடை பெடியள்தான் வேணும் எண்டு சொல்லிவிட்டு என்னோடு வள்ளத்தில் வந்து ஏறினான். உனக்கு அறிவிப்போமா என்று நான் கேட்டதற்கு அம்மா, தூரத்திலை தனியக் கிடக்கிற பிள்ளை, அவள் என்ன கடலுக்கை குதிச்சுத் தேடவோ போறாள், விடுங்கோ எண்டாள்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும் பிள்ளை. மாசி கடைசியில் அந்த வள்ளத்திலிருந்து பாய்மரத்தையும் பாயையும் கழற்றிக் கொட்டிலில் போட்டவன் நான். இஞ்சின் இருக்கப் பாய் என்னத்துக்கு, மீன்பெட்டி வைக்கிற இடத்தை அடைக்குது என்றேன். அடைக்கலம் அரைமனதோடு நின்றான், நான்தான் தூக்கச் சொன்னேன். அந்த நாலு நாளும் தேடப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. இரண்டரை லட்சம் மைலுக்கு அங்காலே நிற்கிறவர்கள் கதைப்பது இங்கே கேட்கிறதாம், என் பிள்ளை நாற்பது மைலுக்குள் நின்று கூப்பிட்டிருப்பான், எனக்குக் கேட்கவில்லை. இது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

18ஆம் திகதி சனிக்கிழமை காலை யாகப்பு என்னோடு வரவில்லை, காய்ச்சல் வரப்போவது போல இருக்கிறது என்று கரையில் நின்றுவிட்டான். நான் இன்னும் மூன்று வள்ளக்காரரோடு போனேன். பத்து மணியளவில் திரும்பிக் கரைக்குக் கிட்ட வரும்போது கோவில் மணி அடிக்கிறது, சீனவெடி கொளுத்துகிறார்கள், சனம் முழங்கால் தண்ணீரில் நின்று கையை அசைக்கிறது. மூண்டு பேரும் தப்பீட்டினம், கப்பல் ஒண்டு தூக்கிட்டுதாம், ரேடியோவிலை சொன்னவங்கள் எண்டு கத்தினார்கள். நான் வள்ளம் நிற்க முன்னமே குதித்துவிட்டேன் பிள்ளை, ஐம்பத்தாறு வயதில். தண்ணீருக்குள்ளேயே முழங்காலில் விழுந்தேன், உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது, அழுதேனா குடித்தேனா தெரியாது. யாகப்பு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, என்ரை காதாலை கேட்டனான் அத்தான், மூவரும் கடலிலிருந்து மீட்கப்பட்டுக் கப்பலிலை ஏத்தப்பட்டினம், மூவரும் சுகம் எண்டு சொன்னவங்கள், பெர்னடெட்டுக்கும் தந்தி அடிச்சிட்டன் எண்டான். அவளுக்கு ஒன்றுமே தெரியாதே என்று அப்போது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா பெரிய பானையில் உலை வைத்திருந்தாள். மக்டலீன் தேங்காய் துருவிக்கொண்டே சிரிக்கிறாள், கண்ணீர் துருவலுக்குள் விழுகிறது. எந்தக் கப்பல், எந்தத் துறைக்குக் கொண்டு போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, மத்தியானச் செய்தியில் விபரம் சொல்லுவார்கள் என்று தெருச்சனம் எல்லாம் எங்கள் முற்றத்தில் கூடியது. யாகப்பு தன் ரேடியோவைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தான். செல்வரட்ணத்தின் தாய் ரேடியோவுக்கு முன்னால் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள், மகனின் பெயர் அதற்குள் வந்து விழப்போகிறது என்பது போல. செய்தி தொடங்கியது. சந்திரனிலிருந்து திரும்பியவர்கள் பசுபிக் சமுத்திரத்தில் இறங்கினார்கள், கப்பல் மீட்டது, மூவரும் சுகம். பிறகு மூன்று அமெரிக்கப் பெயர்கள். பிறகு தேர்தல் செய்தி. யாகப்பு ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ ஒரு பிள்ளை, இது வேறை மூண்டு பேர் எண்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள், சரி, அவையள் வந்து சேர்ந்திட்டினம், அதுகளுக்கும் தாய்மார் இருப்பினம், சோறு வடிச்சாச்சு, ஒருத்தரும் சாப்பிடாமல் போகக்கூடாது எண்டாள். அவ்வளவு சனத்துக்கும் அவளே நின்று போட்டாள். கடைசி ஆள் கை கழுவினதும் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் ஞாயிறு மத்தியானம்தான் எழும்பினாள்.

யாகப்புவைத் தேடிப் போனேன். கரையில் உடைந்து கிடக்கிற பழைய தோணிக்குள் காலை மடக்கிக்கொண்டு இருந்தான். பதினொரு வருசமா உந்தக் கதையைக் கதைச்சவன் நான் அத்தான், வேறை ஆர் பிழை விட்டாலும் நான் விடலாமோ, தேத்தண்ணிக் கடையிலை கடைசி வசனம் மட்டும் காதிலை விழுந்தது, சந்திரன் எண்டு ஒரு சாமான் இருக்கிறதே எனக்கு ஞாபகம் வரேல்லை எண்டான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, அவனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டியிருந்தது, இரண்டையும் செய்யாமல் தபால் கந்தோருக்குப் போய் உனக்கு இரண்டாவது தந்தியை அடித்தேன். நீ அங்கே டெலிவிஷனில் பார்த்திருப்பாய், முதல் தந்தி கிடைத்தபோது இந்த அப்பா சந்திரனுக்குப் போனவர்களுக்காகத் தந்தியும் அடிக்கிறாரே என்று நினைத்திருப்பாய். இரண்டாவதைப் பார்த்து என்ன நினைத்தாயோ, எனக்கு நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

20ஆம் திகதி திங்கட்கிழமை காலை தொண்டைமானாற்றிலிருந்து கந்தப்பு என்று ஒருவர் பஸ்ஸில் வந்து, கடலில் காணாமல் போனவர்களின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவருடைய சொந்தக்காரர் வியாபார விஷயமாக அக்கரைக்குப் போய் வருகிறவர்கள், என்ன வியாபாரம் என்று நான் கேட்கவில்லை. வேதாரணியத்துக்குக் கிட்ட ஒரு மீன்பிடிக் குப்பத்தில் குருநகர் ஆட்கள் மூன்று பேர் கரையேறியிருக்கிறார்கள், பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும்போது குருநகரிலை சொல்லிவிடுங்கோ என்று கத்தினார்களாம் என்றார். நான் எழும்பி நின்றேன், அம்மா என் கையைப் பிடித்து இருத்தினாள். எந்த மூண்டு பேர், பேரைச் சொல்லுங்கோ எண்டாள். அந்த மனிசனுக்குப் பெயர் தெரியாது. பேர் தெரியாட்டி என்னத்தைக் கொண்டு வந்தனீங்கள், எங்களுக்கு இனி மூண்டு பேர்க் கதை வேண்டாம் எண்டு அழத் தொடங்கினாள். கந்தப்பு பாவம், வெயிலில் வந்த களையோடு யோசித்து யோசித்து, ஒருத்தனுக்குக் காது நுனி இல்லையாம் அம்மா எண்டார். எந்தக் காது எண்டாள். இடது காது. திரும்பவும் எந்தக் காது எண்டாள். மூன்று முறை கேட்டாள் பிள்ளை. தூண்டில் கொழுக்கி கிழித்த அந்தக் காதுக்கு அன்றைக்கு நீதானே சீலை கிழித்துக் கட்டினாய். மூன்றாம் முறையும் இடது எண்டு சொன்னதும் அம்மா அந்த வேற்று மனிசனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாகப்பு தந்தி அடிக்க மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த நாள் போயா, கந்தோரை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள் என்று நான் ஓடிப்போய் அடித்தேன், ஓடின ஓட்டத்தில் பெயரைப் போட மறந்தேன்.

அக்கரையில் விசாரித்து முடித்து 28ஆம் திகதி தலைமன்னார்க் கப்பலில் மூவரையும் அனுப்பிவிட்டார்கள். அடைக்கலம் உதடு வெடித்து, தோள் தோலுரிந்து வந்தான். மற்ற இருவரும் அப்படித்தான். இஞ்சின் பழுதாகி நின்றுவிட, நெற்சாக்கையும் உடுத்த சாரங்களையும் வலைநூலால் தைத்துத் துடுப்பில் கட்டிப் பாயாக்கினார்களாம். கலனில் இருந்த தண்ணீரைச் சிரட்டையால் அளந்து குடித்தார்களாம். ஒரு விஷயம் கேள். அவர்களுக்குச் சந்திரக் கப்பல் வெடித்தது தெரியாது. இஞ்சின் நின்ற முதல் இரவு சந்தியோகு மேலே சந்திரனைப் பார்த்து, அவங்கள் உதிலை போய் உலாவப்போறாங்கள், நாங்கள் உந்த மிசினோடை மாரடிக்கிறம் எண்டு தூஷணத்தால் ஏசினானாம். இங்கே வந்து மாமா சொல்லக் கேட்டதும் அடைக்கலம் சிரித்தான்.

அவர்கள் கரையேறியது 17ஆம் திகதி வெள்ளி பொழுது படுகிற நேரம். அப்படியென்றால் சனிக்கிழமை காலை யாகப்பு தந்தி அடித்தபோது மூவரும் கடலிலிருந்து தப்பிச் சுகமாகத்தானே இருந்தார்கள். அந்தத் தந்தி பிழையா சரியா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. சரியான செய்திக்கு நான் பிழை என்று தந்தி அடித்தேன். சுவாமியிடம் கேட்டேன், அவரும் தலையைச் சொறிந்தார். அம்மா மட்டும் குழம்பவில்லை, பாசையூர் அந்தோனியாருக்கு இரண்டு பூசை ஒப்புக்கொடுத்தாள், ஒன்று எங்கள் மூவருக்கு, மற்றது அந்த மூவருக்கு.

போன வெள்ளி அடைக்கலத்தைத் தனியே கூப்பிட்டு, பாயைக் கழற்றினவன் நான்தான் தம்பி என்றேன். தெரியும் அப்பா, முதல் நாள் முழுக்க உங்களைத் திட்டினனான், ரெண்டாம் நாள் களைச்சுப்போச்சு, விட்டிட்டன் எண்டான். பிறகு என் சுருட்டுப் பெட்டியை வாங்கி, முதல் தரமாக எனக்கு முன்னாலேயே ஒன்றைப் பற்றவைத்தான். நானும் ஒன்றைப் பற்றவைத்தேன்.

யாகப்புதான் இன்னும் தெளியவில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்கிறான், அம்மா கூப்பிட்டால்தான் உள்ளே வருகிறான். பெடியள் வேண்டுமென்றே, மாமா சந்திரனிலை என்ன புதினம் என்று கேட்கிறார்கள், அவன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்லுகிறேன் என்று நினைப்பான். நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, உன் தந்தி எனக்குச் சரியாகத்தான் வந்தது மாமா என்று எழுது. அங்கே அந்தக் கப்பலைப் பற்றிப் பேப்பரில் வந்த படங்கள் இருந்தால் வெட்டி வைத்து அனுப்பு. மக்டலீனுக்கும் இரண்டு வரி எழுது. இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, சளி பிடித்தால் நீயே மருந்து பார்த்துக் குடிக்காமல் டாக்டரிடம் காட்டு.

சேசுவின் திரு இருதயமும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக. அம்மா பக்கத்தில் இருந்து முத்தம் தரச் சொல்லுகிறாள். இன்னொன்றும் எழுதச் சொல்லுகிறாள், அவளுடைய சொல்லாகவே எழுதுகிறேன். இனிமேல் நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் பேரைப் போட்டு அடிக்கச் சொல்லுங்கோ, மூண்டு பேர், நாலு பேர் எண்டு அடிக்கவேண்டாம், என்ரை பிள்ளை எண்டால் பெர்னடெட் எண்டு இருக்கவேணும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சூசைதாசன்
(பெயர் போட்டிருக்கிறேன்)